லென்ஸ்காரர் தவறவிட்ட எட்டாவது மரு

பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவரை எல்லோரும் லென்ஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயிண்ட் அடித்த வண்டி அவர் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்டாது. ஈரப் பெயிண்டில் ஒரு கொசு உட்கார்ந்து யோசித்துவிட்டுப் பறந்திருந்தால்கூட, அது எந்தக் காலை முதலில் ஊன்றியது என்று சொல்லிவிடுவார். கொப்புளமோ புடைப்போ கண்ணில் பட்டால் சாக்பீஸால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எண், சீட்டில் ஒரு வரி. முப்பத்தோரு வருடத்தில் அவர் போட்ட வட்டங்களை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் சோப்பைத் தேடிக் குனிந்தபோது, தன் சொந்த உடம்பில், வெளியே சொல்ல முடியாத இடத்தில், மூன்று புடைப்புகளைக் கண்டுபிடித்தார். வலியில்லை. காலிஃபிளவரைக் கடுகளவுக்குச் சுருக்கி ஒட்டினாற்போல இருந்தன.

வேறு ஆளாக இருந்தால் பயந்திருப்பார். இவருக்குக் கை பரபரத்தது. பட்டறையில் புடைப்புக்கு வைத்தியம் ஒன்றுதான்: தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். மறுநாளே இருப்பதிலேயே மெல்லிசாக ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்தினார். அடுத்து எழுந்த அலறலில் நான்கு தெரு தள்ளி ஒரு நாய் படுக்கையை மாற்றிக்கொண்டது.

"என்னங்க! என்ன ஆச்சு?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல... பல்லி!"

"பல்லிக்கா இப்படிக் கத்துவாங்க?"

"பெரிய பல்லி!"

மூன்று வாரத்தில் மூன்று ஏழாயிற்று.

இப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. மருவை நினைத்து அல்ல, மனைவியை நினைத்து. இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம், நடந்து நான்கு வருடம்தான் ஆகிறது. அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்பவள். மின்சாரம் போனாலும் அறிவிப்பு நிற்காது. அந்தக் குரலுக்கு மைக் என்பது வெறும் அலங்காரம். ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த அந்தச் சந்தோஷம், 'இவர் வெளியே எங்கேயோ போயிருக்கிறார்' என்று அவள் ஒரு நிமிடம் நினைத்தால் போய்விடும். முதுகுவலி என்று சொல்லிக் கூடத்தில் படுக்க ஆரம்பித்தார்.

"முதுகுவலி சரி," என்றாள் அவள் ஒரு நாள். "என் மூஞ்சியப் பாக்காம சாப்பிடறீங்களே, அது எந்த வலி?"

அன்றே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு என்ற பலகையை மூன்று முறை கடந்துபோய், நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தார்.

டாக்டர் ஒரு பெண், அவரைவிட இருபது வயது இளையவர். "என்ன பிரச்சனை?" என்று கேட்டதும் லென்ஸ்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். படம் வரைந்து, ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு, ஒவ்வொன்றின் அளவும், கண்ட தேதியும் எழுதியிருந்தார்.

டாக்டர் சீட்டைப் படித்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படித்தார். "எத்தனையோ பேருக்கு இங்க வந்து வாயத் திறக்கவே அரை மணி நேரம் ஆகும். இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல."

லென்ஸ்காரருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. திரைக்குப் பின்னால் பரிசோதனை முடிந்ததும் சுருங்கிவிட்டது.

"எட்டு இருக்குங்க."

"எட்டா? இருக்காது டாக்டரம்மா!"

"கீழ்ப்பக்கம் மடிப்புல ஒண்ணு. நீங்க குனிஞ்சாலும் தெரியாது."

முப்பத்தோரு வருடத்தில் முதல் கரும்புள்ளி!

"இது பாலுறுப்பு மரு. ஒரு வைரஸ்தான் காரணம். நிறைய பேருக்கு வர்றதுதான், புற்றுநோய் இல்ல. எதையாவது தடவினீங்களா?"

"தடவல... தேய்ச்சேன். உப்புத்தாள். ரெண்டாயிரம் நம்பர்தான், ரொம்ப மெல்லிசு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் நம்பரக் கேக்கல. தேய்ச்சுத் தேய்ச்சு நீங்களே பக்கத்துல பரப்பியிருக்கீங்க. இனிமே கை வெக்காதீங்க."

பிறகு குளிர் வாயுவைப் பீய்ச்சி எட்டையும் உறையவைத்தார். வடதுருவமே வந்து கிள்ளியதுபோல் இருந்தது. இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. போன பிறகும் திரும்ப வரலாம், வந்தா மறுபடி எடுத்துடலாம். வீட்டம்மாவையும் ஒரு தடவை பாக்கணும்."

"என்னத் தப்பா நினைப்பாளே!"

"இந்த வைரஸ் உடம்புல வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். யார்கிட்டேர்ந்து, எப்ப வந்துச்சுன்னு என்னாலயே சொல்ல முடியாது. அத அப்படியே சொல்லுங்க."

"நீங்களே ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"அதுக்கெல்லாம் சீட்டு கிடையாது. நீங்கதான் சொல்லணும்."

வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்த ஒலிபெருக்கி வாழ்க்கையில் முதல் தடவையாக மௌனமாயிற்று. அந்த மௌனத்துக்குள் பத்து வண்டிகளாவது கிளம்பியிருக்கும்.

"கல்யாணத்துக்கப்புறம் வேற யாராவது?"

"இல்ல."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவள் அந்தக் கண்ணை நன்றாகப் பார்த்தாள். ஒரு தூசியைக்கூட மறைக்கத் தெரியாத கண். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்கிட்டேர்ந்தும் வந்திருக்கலாமே. என் முதல் வீட்டுக்காரர் போய்ச் சேந்து பத்து வருஷமாச்சு. அவர எழுப்பியா கேக்க முடியும்?"

"உனக்குக் கோவம் இல்லையா?"

"மருவுக்கு எதுக்குக் கோவம்? அந்தப் பல்லிக்குத்தான்! அதத் தேடி நான் துடைப்பத்தோட பீரோவையே நகத்தினேன்!"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத வந்து சொல்ல எத்தன ஆம்பளைக்கு வாய் வரும்? நாளைக்கு உங்க தலையணை உள்ள வந்துடணும், சொல்லிட்டேன்."

இரண்டு வாரம் கழித்து இருவரும் சேர்ந்து போனார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்திருந்த அத்தனை பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள்போலக் குனிந்திருந்தார்கள். மனைவி நேராகச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் போய், தொழில்முறைக் குரலிலேயே கேட்டாள்:

"மருவுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரம்மா எந்த ரூம்?"

மேல் மாடியில் மயக்க மருந்து கொடுத்திருந்த ஒருவர்கூட எழுந்து உட்கார்ந்திருப்பார். லென்ஸ்காரர் தூணுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினார். ஆனால் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஓர் ஆள் சிரிக்கக்கூடச் செய்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் அதே ரூம்தாங்க, ஏழாம் நம்பர்," என்றார்.

அவளைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். மரு எதுவும் இல்லை. பெண்கள் செய்துகொள்ள வேண்டிய கர்ப்பப்பை வாய்ச் சோதனையையும் அன்றே முடித்துவிடலாம் என்றார் டாக்டர். செவிலியர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"இந்தம்மா கூட வந்தவங்க யாரு?"

லென்ஸ்காரர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"நான்தான். என் வீட்டம்மா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"பொய்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான்தான் அவரக் கூட்டிட்டு வந்தேன்!"