கயிறு கட்டிய கரை

வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் வயல் வரம்பிலோ கிணற்றடியிலோ வழுக்கி விழாத கிழடே இல்லை. விழாமலிருக்கப் பயிற்சி தரும் சாஷாவுக்கோ வாவியின் கிழக்கே, எழுவான்கரையில் மட்டும்தான் அனுமதியாம். துறையில் இறங்கி அவளது மண்டபம்வரை நடந்தாலே நாங்கள் விழுந்துவிடுவோம்! விடுவோமா? வாவி கடக்கும் படகில் கூட்டமாகப் போய், இறங்காமலே நின்று, அவளைத் துறைக்கு அழைத்தோம்.

“ஏறு புள்ள, இதுல வச்சுப் பழக்கு!” என்றேன்.

“இந்தக் கரைய விட்டு வந்து பழக்க எனக்கு அனுமதி இல்ல, ஐயா.”

“கயிறு உன்ட கரையிலதானே கட்டியிருக்கு!” என்றாள் எங்கள் கூட்டத்து அன்னப்பூரணி.

சாஷா சிரித்தபடி ஏறினாள். படகின் ஓரக் கம்பியைப் பிடித்து எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றோம். படகு ஆடியது, ஒருவரும் விழவில்லை! படகோட்டி மெல்லக் கயிற்றை அவிழ்த்தான். விலகும் கரையைச் சாஷா பார்த்தாள்.

“மற்றக் காலைத் தூக்குங்க!” என்று கத்தினாள்.