கைருன்னிஸாவின் பக்கத்துக் கதவு

அன்று நீராவிப்பிட்டியில், மஹ்றூப் நானாவின் வளவில் இருந்தவர்கள் நாலு பேர். பெயின்டர் செல்வராசா அண்ணை, கவிழ்த்து வைத்த தகரத்தின் மேல். அவருடைய மனைவி வடிவம்மாக்கா, முழங்கால் வருத்தக்காரி என்றபடியால் அங்கிருந்த ஒரேயொரு கதிரையில். நான் இராசமலர், கடிதம் எழுத வந்தவள், மீன்பெட்டியில், மடியில் பலகையோடு. வளவுக்காரர் மஹ்றூப் நானா தன்னுடைய பிக்கப்புக்குள், சாரதி இருக்கையில்.

அவர் காலையிலிருந்து அங்கேதான் இருந்தார். இரண்டு கதவும் திறக்காது. திறந்து கிடந்த சாரதிப் பக்க யன்னலால் தலையைக் கொடுத்து உள்ளே விழுந்தவர், அதே வழியால் வரப் பார்த்தபோது வயிறு விடவில்லை.

நடந்தது இதுதான். நானா நாயாற்றிலிருந்து வவுனியாவுக்குக் கருவாடு ஏற்றுகிறவர். உப்புத் தண்ணீர் வடிந்து பிக்கப்பின் பின்பெட்டி கறள் பிடித்துவிட்டது. கட்டாரில் இருக்கிற மச்சான் ஒரு கறுப்புப் பூச்சு அனுப்பியிருந்தார். கொம்பிரசரால் அடித்துக் காயவிட்டால் முதலைத் தோல் மாதிரி இறுகிவிடும். உப்பும் போகாது, சுத்தியலும் போகாது. பின்பெட்டிக்கு அடிக்கிற சாமான் அது. “பெட்டிக்கு நல்லதெண்டால் முழு வாகனத்துக்கும் நல்லதுதானே? மிச்சம் வைக்காமல் அடியுங்கோ” என்று சொல்லிவிட்டு நானா நாயாற்றுக்குப் போய்விட்டார்.

செல்வராசா அண்ணை சண்டைக்காலம் முழுக்க வாகனங்களுக்குக் களிமண் பூசினவர். குண்டு போட வருகிற கிபிர் விமானத்துக்கு மினுங்கக்கூடாது என்று லைட், கண்ணாடி, கைபிடி, நம்பர் பலகை எல்லாவற்றையும் மூடி, முன் கண்ணாடியில் சாரதி பார்க்கிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடுவார். கை பழகினபடி இதையும் அப்படியே செய்திருந்தார். களிமண்ணைக் கழுவலாம். இதைக் கழுவ முடியாது. கதவு இடுக்குகளும் பூச்சோடு சேர்ந்து இறுகிவிட்டன.

உண்மையைச் சொன்னால், வந்து பார்த்த எங்களுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. “வலு வடிவாய் அடிச்சிருக்கிறியள்” என்று நானே சொன்னேன். மஹ்றூப் நானா அந்த வருசங்களில் புத்தளத்தில் இருந்தவர். அவருக்குத்தான் விளங்கவில்லை.

“செல்வராசா, சண்டை நிண்டு ரண்டு வருசமாச்சு. எந்தக் கிபிருக்கு ஒளிச்சனீர்?” கீற்றுக்குள் அவருடைய இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

“கேக்கிறவர் யன்னல் ஏன் திறந்து கிடக்குதெண்டு கேக்கேல்லையே,” என்றார் செல்வராசா அண்ணை. “அதையும் நான்தான் விட்டனான். கிபிர் வந்தால் சாரதி பாயவேண்டாமே? அதாலதானே இப்ப உள்ளுக்கு இருக்கிறியள்.”

“வலு உபகாரம்!”

“சண்டை பிடிக்காமல் கடிதத்தைச் சொல்லுங்கோ,” என்றா வடிவம்மாக்கா. “தபால் போகப்போகுது.”

கடிதம் நானாவின் மனைவி கைருன்னிஸாவுக்கு. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, ரக்ரர் பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவில் குந்திப் போனவா, இன்னும் புத்தளத்தில்தான். நானா திரும்பி வந்து கூரை போட்டு, கிணறு இறைத்து, ஒரு வருசமாக வரச்சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். இப்போதுதான் பதில் வந்திருந்தது. அதை யன்னலால் நீட்டி வாசிக்கச் சொன்னார்.

“ஒரு தரம் வந்து பார்க்கிறேன். போனதுபோல மூட்டையாய் வரமாட்டேன். வெள்ளைப் பிக்கப்பின் முன் சீட்டில் இருந்து, கதவை நானே திறந்து, என்னுடைய வளவில் இறங்கவேண்டும். அது ஏலாதென்றால் இனி வரச்சொல்லி எழுதவேண்டாம்.”

செல்வராசா அண்ணை தகரத்திலிருந்து எழும்பினார்.

“இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?”

“பெயின்ட் அடிக்கிறவருக்கு மனுசியின்ர கடிதத்தை வாசிச்சோ காட்டுறது?”

“கதவு திறக்குமெண்டு எழுதட்டோ?” என்று நான் கேட்டேன்.

“திறக்காததைத் திறக்குமெண்டு எழுதி, அவ வவுனியாவில வந்து நிண்டு பார்த்தால் அடுத்த பஸ்ஸில திரும்பிப் போயிடுவா,” என்றார் நானா.

“யன்னலால ஏத்தலாமே,” என்றார் செல்வராசா அண்ணை.

வடிவம்மாக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்தக் கதையை விட்டுவிட்டார். “ஓமந்தைச் செக்பொயின்ரில எல்லாரையும் இறங்கச் சொல்லுவாங்கள். அவா யன்னலால பாய்ஞ்சு ஓடுறதைப் பார்த்து ஆமிக்காரன் என்ன நினைப்பான்? கதவை வெட்டுங்கோ!”

மீன் வெட்டுகிற கத்தி வளைந்தது. உளி வழுக்கியது. கடைசியில் வடிவம்மாக்காதான் வேலியில் கொழுவியிருந்த தங்கூசியைக் காட்டினா. வலை பின்னுகிற நைலோன் நூல் அது. அதைச் சாக்கு ஊசியில் கோத்து, கைருன்னிஸாவின் பக்கத்துக் கதவு இடுக்கால் உள்ளே குத்தி விட்டோம். உள்ளே நானா ஒரு நுனி, வெளியே செல்வராசா அண்ணை மற்ற நுனி. மரம் அரிகிறதுபோல அரியத் தொடங்கினார்கள்.

“இழுங்கோ!”

“நான் இழுக்கேக்க நீர் விடவேணும்!”

“நீங்கள் விட்டால்தானே நான் இழுக்கலாம்!”

“புத்தளத்துக் காத்து ஆளைப் பஞ்சாக்கிப்போட்டுது,” என்றார் செல்வராசா அண்ணை.

“உம்மட பூச்சை விடவோ? நாசமாய்ப்போன பூச்சு, என்ன உறுதியப்பா!”

“பார்த்தியளே, நல்லாத்தான் அடிச்சிருக்கிறன்!”

தங்கூசி அறுந்தது, முடிச்சுப் போட்டார்கள். பிறகும் அறுந்தது. கறுப்புத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. வெயில் முற்றத்துக்கு வந்த நேரம், நானா உள்ளேயிருந்து தோளால் இடிக்க, கதவு ஆமை ஓடு பிளந்த மாதிரி ஒரு சத்தத்தோடு விரிந்தது. அவரும் அதோடு நிலத்தில் விழுந்தார்.

விழுந்தவர் எழும்பவில்லை. அண்ணாந்து கதவையே பார்த்தார். மூடியிருந்த உள்விளிம்பில் பூச்சுப் படவில்லை. மேலிருந்து கீழ்வரை பால் மாதிரி வெள்ளை.

“மலர், எழுது,” என்றார்.

மற்றக் கதவையும் அறுக்கலாம் என்றார் செல்வராசா அண்ணை. தங்கூசி முடிந்துவிட்டது. அது அப்படியே இருக்கட்டும் என்றார் நானா. அவர் “நீ” என்று சொன்னதையெல்லாம் நான் “நீங்கள்” என்று எழுதினேன்.

“பிக்கப் இப்போது வெள்ளையில்லை. கறுப்பு. தொட்டால் முதலை மாதிரி இருக்கும், பயப்படவேண்டாம். லைட் எரியாது, ஆகையால் பகலில் வாருங்கள். உங்கள் பக்கத்துக் கதவு திறக்கும். திறந்தால் வெள்ளை தெரியும். என்னுடைய கதவு திறக்காது. வளவுக்கு வந்ததும் நீங்கள் முதலில் இறங்கவேண்டும். நீங்கள் இறங்காவிட்டால் நானும் இறங்க ஏலாது.”

“கடைசி வரி வடிவாயிருக்கு,” என்றா வடிவம்மாக்கா.

“வடிவுக்குச் சொல்லேல்லை. உள்ளதைச் சொன்னனான்,” என்றார் நானா.

உறையில் பசை இல்லை. செல்வராசா அண்ணை தகரத்தின் அடியில் கிடந்த மிச்சப் பூச்சைக் குச்சியால் வழித்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். வடிவம்மாக்கா குசினிக்குள் போய் நாலு சோற்றுப் பருக்கை எடுத்து வந்தா. உறையின் வாயை நசுக்கி ஒட்டி, சட்டையில் துடைத்து, விலாசத்தை இன்னொருமுறை வாசித்துச் சரிபார்த்தேன். பிறகு சைக்கிளில் முள்ளியவளைத் தபாற்கந்தோருக்குப் போனேன். தபால் பையின் வாய் கட்டுப்படுவதற்குமுன் கடிதத்தை உள்ளே போட்டேன்.