வெளியே போகவேண்டிய பந்து

1

இன்னைக்கு அக்கா வராம இருந்தா நல்லா இருக்கும்.

பிள்ளைக் காம்பராவின் கதவைப் பூட்டும்போது வினோதா இப்படி நினைத்தாள். நினைத்த உடனேயே, நினைக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

இந்த வரிகள் மட்டும்தான் எனக்குச் சுலபமாக வந்தன. அதனாலேயே அவற்றை நான் நம்பவில்லை. ஒருத்தி வாய்விட்டுச் சொல்லாததை நான் எங்கே கேட்டேன்? வினோதாவை நான் ஒரே ஒரு சனிக்கிழமை, மூன்று மணிநேரம் பார்த்திருக்கிறேன். அதில் அரை மணிநேரம் பனிமூட்டம்.

நுவரெலியாவில் ஒரு கடையில் என் மூக்குக்கண்ணாடியைத் திருத்தக் கொடுத்திருந்தேன். இரண்டு மணிநேரம் கழித்து வரச் சொன்னார்கள். நேரத்தைப் போக்க மைதானத்துப் பக்கம் போனேன். பெண்கள் ஹொக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோலுக்குப் பின்னால் சீமெந்துப் படி ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். கதை அங்கே தொடங்கியது என்று சொல்லலாம். (கண்ணாடி இல்லாமல் என்ன பார்த்தாய் என்று கேட்பீர்கள். எனக்கு வாசிக்க மட்டும்தான் கண்ணாடி. தூரம் நன்றாகத் தெரியும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.)

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

வினோதாவுக்கு இருபத்துமூன்று வயது. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சர்மிளாவுக்கு முப்பத்துநான்கு. கொழுந்து எடுக்கிறவள், அணியின் தலைவி. தோட்டத்துப் பெண்களுக்கு ஹொக்கி அணி ஒன்று இருப்பதே அவளால்தான். அவளுடைய மூன்று வயது மகன் பகலெல்லாம் வினோதாவிடம்தான் இருப்பான். ஆட்டத்தில் இருவரும் பின்வரிசை. கோல் காக்கிற கோலிக்கு முன்னால் இடப்பக்கம் சர்மிளா, வலப்பக்கம் வினோதா. ஏழு வருடமாக அப்படித்தான்.

மூன்றாவது ஆள் சுதாகரன். விளையாட்டு ஆசிரியர், மாத்தளையிலிருந்து மாற்றலாகி வந்தவர், அணிக்குப் புதிய பயிற்றுநர். நல்ல மனிதர். முதலில் அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை வேகமாக ஓடியது. அதனால் நிறுத்திவிட்டேன்.

சுதாகரனுக்கு வேண்டியதும் வேகம்தான். பந்தை நிறுத்தாதே, வந்த கையோடு தள்ளு. நம்மிடம் பந்து இருக்கும்போது பின்வரிசை இரண்டும் நடுக்கோடு வரை ஏற வேண்டும். கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற ஆட்டம் முடிந்துபோன ஆட்டம். இதை அவர் ஒவ்வொரு நாளும் சொன்னார் என்று

(அவர் ஒவ்வொரு நாளும் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அன்று கோட்டோரம் நின்று கத்தியதை வைத்துச் சொல்கிறேன்.)

3

இந்தப் பின்வரிசைக்கு அந்த ஆட்டம் பொருந்துமா? உண்மையில் நான் எழுத நினைத்தது இந்தக் கேள்வியைத்தான். ஒரு கட்டுரையாகவே முடிந்திருக்கும்.

அவர்கள் பழகுகிற தரையை வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு நாள் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்தேன். தேயிலை மலையின் இடுப்பில் வெட்டியெடுத்த ஒரு சிறிய வெளி. ஒரு பக்கம் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கோல், கோலுக்குப் பின்னால் மழைநீர் ஓடுகிற ஒரு கான், கானுக்கு அப்பால் தேயிலை கீழே கீழே இறங்கிப் போகிறது. கோட்டைத் தாண்டிய பந்து அங்கே நிற்காது. யாராவது மட்டையைப் போட்டுவிட்டுச் செடிகளுக்குள் இறங்க வேண்டும். அட்டை ஏறும். திரும்பி வருவதற்குள் வெளிச்சம் போய்விடும், அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். அணியிடம் இரண்டு பந்துகள்தான் இருந்தன.

ஆகவே அந்தக் கோட்டில் நின்று பழகிய இருவரும் காத்தது கோலை அல்ல, கோட்டை. கோலுக்குப் போகிற பந்தோ வெளியே போகிற பந்தோ, இடுப்பை மடித்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, செத்துப்போகிற மாதிரி நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தச் சரிவில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஆட்டம் இல்லை. சமதரையில் அது இரண்டு நொடி தாமதம்.

சர்மிளாவால் அந்த இரண்டு நொடியை விட முடியவில்லை. முழங்கால் வலி ஒரு காரணம்.

வினோதாவால் முடிந்தது. இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். அன்று முதல் பாதியில் அவள் நடுக்கோட்டைத் தாண்டி ஓடினாள். எதிர் அணிக் கோலியின் முகத்தை ஆட்டத்தின் நடுவில், அவ்வளவு கிட்டத்தில், அவள் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்திருப்பாள். திரும்பி ஓடிவரும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை, பசி. அந்த ஆட்டம் அவளுக்குப் பொருந்தியது. அவளுக்கு அது வேண்டியும் இருந்தது.

ஆனால் அவளால் அப்படி ஓட முடிந்தது பின்னால் சர்மிளா நகராமல் நின்றதால்தானே? இந்தக் கேள்வியை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. எனக்கு விடை தெரியாது. சுதாகரன் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்.

4

நடந்ததைச் சொல்கிறேன். இதில் கற்பனை இல்லை. (இதுவும் கதைக்குள் இருக்கிற வரிதான். பரவாயில்லை.)

இரண்டாம் பாதியில் மூட்டம் இறங்கியது. ஒன்றுக்கு ஒன்று. நகரத்து அணிப் பெண் ஒருத்தி பந்தை ஓங்கி அடித்தாள். அடி தவறிவிட்டது. பந்து கோலுக்கு நாலடி தள்ளி, என்னை நோக்கி, வெளியே வந்துகொண்டிருந்தது. கோலி முன்னால் ஓடிவந்து விழுந்துகிடந்தாள். பந்தைப் போக விட்டிருந்தால் தோட்டத்து அணிக்குத்தான் பந்து கிடைத்திருக்கும். ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

ஒருத்தி பாய்ந்து, மட்டையைப் படுக்கவைத்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அந்தப் பந்தை நிறுத்தினாள். அழகாக நிறுத்தினாள். பின்னாலேயே ஓடிவந்த நகரத்துப் பெண் அதை அப்படியே எடுத்துக் கோலுக்குள் தள்ளிவிட்டாள்.

கோட்டோரம் நின்ற இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: "தங்கச்சி, அது கொழுந்து இல்ல, ஒன்னுவிடாம பொறுக்குறதுக்கு."

சுதாகரன் மைதானத்தின் மறுபாதியிலிருந்து ஓடிவந்தார். அவருக்கு மூட்டத்தில் குனிந்த ஒரு முதுகும் நீண்ட ஒரு மட்டையும்தான் தெரிந்திருக்கும்.

"சர்மிளா, அது வெளிய போற பந்து. விட்டிருந்தா நம்ம பந்து. ஏன் நிப்பாட்டினீங்க?"

சர்மிளா மட்டை நுனியில் ஒட்டிய புல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பழகிப்போச்சு சேர். பள்ளத்துல விழுந்தா யாரு எறங்கி எடுக்குறது?"

"இங்க எங்கங்க பள்ளம்?"

"அதான் சேர். கோட்டுக்கு அந்தப் பக்கமும் தரை இருக்குதுன்னு நம்ப முடியல."

பெண்கள் சிரித்தார்கள். சுதாகரன்கூடச் சிரித்தார். வினோதா மட்டும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

பந்தை நிறுத்தியது வினோதா. அவள் தலையில் சிவப்புப் பட்டி, சர்மிளாவின் தலையில் ஒன்றும் இல்லை. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன்.

5

இராகலை வரை எங்களுக்கு ஒரே பஸ். அங்கிருந்து நான் வலப்பனைக்கு மாற வேண்டும். இருவரும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா புள்ள, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தோத்தா தோத்துட்டுப் போறோம்."

"ஒன்னுமில்லக்கா."

"எம்மகன் நேத்து சோறு தின்னானா?"

"தின்னான். ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னான்."

"பாரேன் அவன. எங்கிட்ட வந்தா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். பேசாம நீயே வச்சுக்க."

கந்தப்பளை கடக்கும்போது வினோதா சொன்னாள்: "அக்கா, அந்தப் பந்து..."

"எந்தப் பந்து?"

"அந்த ரெண்டாவது கோலுக்கு..."

"எத்தனையோ பந்து வந்துச்சு புள்ள. எதன்னு நெனவு வச்சுக்குறது." சர்மிளா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலில் சாய்ந்துவிட்டாள்.

அவள் வேண்டுமென்றே பழியை ஏற்றாளா? தலைவி என்பதாலா? அல்லது ஏழு வருடத்தில் இருவரின் மட்டையும் ஒன்றாகிப்போய், தானே நிறுத்தியதாக நம்பிவிட்டாளா? நான் முன்னால் சாய்ந்து, "நானும் பார்த்தேன்" என்று சொல்லியிருக்கலாம். திருத்திய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக லீக்ஸ் பாத்திகளைப் பார்த்தேன். இராகலையில் இறங்கினேன்.

அதனால்தான் அந்த முதல் வரி. அதை முதலில் எழுதியபோது ஆசை என்று நினைத்தேன்: அக்கா பயிற்சிக்கு வராவிட்டால் தான் முன்னால் ஓடலாம். இப்போது வாசித்தால் வெட்கம் மாதிரித் தெரிகிறது. அக்கா வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டில் எது? நாளுக்கொரு தடவை மாறுகிறது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் என் பக்கத்து வகுப்பு டீச்சர்

வேண்டாம். அது வேறு கதை. வரியை அடிக்காமல் விடுகிறேன். எங்கேயோ இருந்துதானே எடுத்தேன்.

6

இனி வருவதெல்லாம் கற்பனை.

மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கிழமை. மாகாண அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் பார்க்க வரப்போகிறார்கள். தோட்டத்து மைதானத்தில் பயிற்சி முடிந்து பெண்கள் கலைந்த பிறகு சுதாகரன் வினோதாவைக் கூப்பிடுகிறார். கையில் பெயர்ப்பட்டியல்.

"வினோதா, நீங்க ஏறி ஆடுனா நம்மள யாரும் நிப்பாட்ட ஏலாது. மாகாண டீமுக்கு ஒங்க பேர நான் சொல்லப்போறேன்."

"சரிங்க சேர்."

"ஆனா சர்மிளா பின்னால இருந்தா ஆட்டம் அங்கேயே நின்னுபோகுது. அன்னைக்கு அந்த கோல் எப்புடி விழுந்திச்சுன்னு நீங்களே கிட்ட இருந்து பாத்தீங்கதானே."

வினோதா மட்டையை மறுகைக்கு மாற்றிக்கொள்கிறாள்.

"அவங்க இல்லாட்டி இந்த டீமே இல்ல, எனக்குத் தெரியும். நான் ஒக்காரச் சொன்னா, நேத்து வந்த ஆள் சொன்ன மாதிரி இருக்கும். மத்த புள்ளைங்களும் கோவிச்சுக்கும். நீங்க சொல்லுங்க. 'அக்கா, நீங்க பின்னால நிக்கிறதால என்னால ஏற முடியல'ன்னு. ஒங்க வாயால கேட்டா ஏத்துக்குவாங்க. அதுல பொய் ஒன்னும் இல்லையே."

இல்லைதான். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. சுதாகரனை நல்லவராக எழுதியதற்கு நான் கொடுக்கிற விலை இது.

முடிவு ஒன்று. வினோதா சரி என்கிறாள். மறுநாள் சர்மிளா மகனை விட வரும்போது, அவன் கால்களைக் கழுவிக்கொண்டே சொல்கிறாள், "அக்கா, சேர் சொல்றாரு, நீங்க பின்னால" என்று

என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுதினால் நன்றாக வரும் என்று தெரிந்ததால் பயந்துவிட்டேன்.

முடிவு இரண்டு. "அந்தப் பந்த நிப்பாட்டினது நான்தான் சேர்." சுதாகரன் பட்டியலைத் தாழ்த்துகிறார். காற்று, தேயிலை வாசம், மௌனம். இதை மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது தடவை கண்ணில் நீர்கூட வந்தது. உங்களுக்கும் பிடித்திருக்கும், நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பீர்கள். ஆனால் யாருக்கு இந்த ஒப்புதல் தேவை என்று யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் வாயைத் திறக்காமல் இறங்கிப்போனவள் நான். இருபத்துமூன்று வயதுப் பெண்ணை, அவள் ஆசைப்படுகிற ஒரே இடத்தைப் பணயம் வைத்து, எனக்காகப் பேசச் சொல்கிறேன். சுதாகரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் கேட்கும்போது கையில் பட்டியலாவது இருக்கிறது.

முடிவு மூன்று, இறுதி ஆட்டம், வெற்றி, தோல்வி. அதை நீங்களே ஆடிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஆட்டத்தின் மீது ஆர்வம் இல்லை.

7

ஆகவே அதே இடம். கோலுக்குப் பக்கத்தில் இருவர். கீழே லயத்து வீடொன்றில் யாரோ ரேடியோவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"முடியாதுங்க சேர்," என்றாள் வினோதா.

"எது முடியாது?"

"அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன்."

"சரி, யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"யோசிச்சுட்டேங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. அவர் கவலையோடு பட்டியலைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் பழைய மாதிரியே நிப்பாட்டினா, வர்றவங்களுக்குக் காட்ட எனக்கு ஒன்னும் இருக்காது. ஒங்க பேர எந்த முகத்தோட நான் சொல்றது?"

"வெளங்குதுங்க சேர்."

"ஒங்களுக்கு அங்க போக ஆசை இருக்குது. நான் பாத்தேன், நீங்க ஓடுனத."

"இருக்குதுங்க."

"அப்ப ஏன்?"

இந்த இடத்தில்தான் நான் அந்த ஒப்புதல் வரியை வைத்திருந்தேன். எழுதி, திருத்தி, அவள் பேச்சுக்கு ஏற்ற மாதிரிக் குறுக்கி, அவள் எடுத்துக்கொள்ள வசதியாக. சுதாகரன் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கேட்க வேண்டியவர்கள் இருவரும் கேட்டுவிட்டோம்.

வினோதா தலைப் பட்டியை அவிழ்த்து, கையில் சுற்றிக்கொண்டாள்.

"முடியாதுங்க," என்றாள் மறுபடியும், அதே சத்தத்தில்.