மேல் படியில் நின்ற இரண்டு பேர்

கம்ப்யூட்டரில் பதினேழு பேர் இருந்தார்கள். கூரியரில் வந்த போட்டோ அட்டையில் பதினைந்து பேர்தான் முழுசாக இருந்தார்கள்.

ப்ரியா விரல் வைத்து எண்ணினாள். கீழ்ப் படியில் உட்கார்ந்த ஐந்து பேர் இருந்தார்கள். நடுப் படிகளில் அவளும் ராகவேந்திராவும் மாலையோடு நின்றார்கள். சுற்றிலும் சித்தப்பா, சித்தி, அத்தை எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, தனிப் படியில் நின்ற மாமனாருக்கும் மாமியாருக்கும்தான் கதி இப்படி ஆகியிருந்தது. மாமனாருக்கு மீசைக்கு மேலே ஒன்றுமில்லை. அவரைவிடக் குள்ளமான மாமியாருக்குக் கண்ணுக்கு மேலே ஒன்றுமில்லை.

"ஏண்டி, பதினேழு பேர்ல வெட்டறதுக்கு இவா ரெண்டு பேர்தான் கெடச்சாளா?" என்றாள் அவள் அம்மா லலிதாம்பாள். "நான்தானேடி பாவி, 'சம்பந்தி மாமா கீழ நிக்கறதாவது'ன்னு கையப் பிடிச்சு மேல் படியில ஏத்தி விட்டேன்! கீழயே நிறுத்தியிருந்தா தலை தப்பிச்சிருக்கும்."

"காலைப் பிடிச்சு இழுத்தாலும் இப்ப இறங்க மாட்டாம்மா. கொஞ்சம் யோசிக்க விடு."

சிரிக்கிற விஷயமாக இருந்தால் ப்ரியாவும் சிரித்திருப்பாள். கல்யாணம் மலைமேல் நடந்தது. தாலி கட்டி முடித்ததும், மலையில் கல்யாணம் செய்கிற எல்லாரையும் போல, கோயில் படியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டுடியோக்காரர் எடுத்த ஃபிலிம் ரோலில் வெளிச்சம் புகுந்து கெட்டுப்போனது. அக்கா புருஷன் நாகேஷ் தன் சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒரே ஒரு படம்தான் மிஞ்சியது. மூன்றே வாரத்தில் ராகவேந்திரா அமெரிக்கா திரும்பிவிட்டான். அவளுக்கு விசா இன்டர்வியூ இருபத்தெட்டாம் தேதி. பேப்பர் தயார் பண்ணிக் கொடுக்கிற சென்னை ஏஜென்ட் கறாராகச் சொல்லியிருந்தார்: "ரெண்டு பக்கத்து அப்பா அம்மாவும், பொண்ணும் மாப்பிள்ளையும், ஒரே படத்தில் முகம் தெளிவா தெரியணும். அது இல்லாம ஃபைலை நான் மூட மாட்டேன்." மாப்பிள்ளை கடல் தாண்டிப் போன பிறகு, மறுபடி படியில் நின்று எடுக்க வழியில்லை.

அன்று பதினேழாம் தேதி. இது மூன்றாவது தோல்வி.

முதல் தடவை, படத்தை இன்டர்நெட்டில் ஏற்றினால் அச்சடித்து வீட்டுக்கே அனுப்புகிற கம்பெனியில் ஆர்டர் கொடுத்தாள். ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம், அட்டை ஒன்று நாலு ரூபாய். தலை போய் வந்தது. போன் செய்தால், "மேடம், உங்க ஃபைல்ல இருக்கறதத்தான் நாங்க அடிக்கறோம்" என்றான் அங்கிருந்த பையன். படம் பெரிதாக இருக்கிறது போலும் என்று நினைத்து, அதைப் பாதியாகச் சுருக்கி மறுபடி அனுப்பினாள். அதே இடத்தில் தலை போய், கூடவே படமும் மங்கி வந்தது. கடைசியாக நாகேஷ் சி.டி.யில் போட்டு, சென்னையில் தன் ஆபீஸ் பக்கத்துக் கடையில் கொடுத்து, நேற்று கூரியரில் அனுப்பினார். அவர் படத்தைக்கூடப் பார்க்கவில்லை, கவரை ஒட்டி அனுப்பிவிட்டார். அதிலும் அதே மீசை, அதே கண்.

வேற வேற ஊர், வேற வேற மிஷின். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டுகின்றன. ஒரு தப்பு மூன்று இடத்தில் ஒரே மாதிரி நடந்தால் அது தப்பு இல்லை, ஏதோ கணக்கு என்று ப்ரியாவுக்குத் தோன்றியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள் அவள். கணக்கு என்றால் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியம் வந்தது. மூன்று அட்டைகளையும் ஒரு ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினாள்.

சென்டரை நடத்துகிற ஆசிம், பிரித்துப் போட்ட ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ப்ரியா மேடம், இன்னிக்கும் மாமனாரைத் தேடிகினு வந்தீங்களா?"

"ஆமாம் பாய். மூணாவது நம்பர் காலியா?"

"காலிதான். மவுஸ் மட்டும் லெஃப்ட்டுல போவாது, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

படத்தைத் திறந்தாள். அது திரையை ஓரம் மிச்சமில்லாமல் நிறைத்தது. மாமனார் உச்சியில் தலைப்பாகையோடு கம்பீரமாக நின்றார். நாகேஷ் ரொம்ப நெருக்கி எடுத்திருந்ததால் தலைப்பாகை படத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மேல ஏதோ வழுக்கிடுச்சு மேடம்," என்றான் ஆசிம், பின்னால் வந்து நின்று. "பேப்பர் மிஷின்ல கொஞ்சம் கீழ எறங்கிருக்கும்."

நல்ல யோசனைதான். ப்ரியா அதைச் சோதித்துப் பார்த்தாள். பேப்பர் கீழே இறங்கியிருந்தால் மேலே குறைந்தது கீழே கூடியிருக்க வேண்டும். அட்டையில் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். திரையில் கீழ்ப் படியில் உட்கார்ந்தவர்களின் பாதம், அதற்குக் கீழே கழற்றிப் போட்ட ஒரு ஜோடி செருப்பு எல்லாம் தெரிந்தன. அட்டையில் செருப்பே இல்லை. பாதமும் பாதிதான் இருந்தது.

"பாய், காலும் போயிருக்கு!"

"அடப்பாவமே! இத்தனை நாளா யாரும் சொல்லலியே?"

"காலை யார் தேடறா? எல்லாரும் தலையைத்தானே தேடினோம்."

பிறகு பக்கவாட்டில் பார்த்தாள். திரையில் இடது ஓரத்தில் ஒரு பூக்கூடை. வலது ஓரத்தில் விபூதிக் கடைக்காரரின் குடைக் கம்பி. அட்டையிலும் இரண்டும் இருந்தன. ஒரு நூலளவுதான் குறைவு. ஆக, அகலத்தில் ஏறக்குறைய ஒன்றும் போகவில்லை. உயரத்தில்தான் போயிருக்கிறது, அதுவும் மேலேயும் கீழேயும் சமமாக. வழுக்குகிற பேப்பர் இவ்வளவு நியாயமாக வழுக்காது.

அட்டையை எடுத்துத் திரைமேலேயே வைத்தாள். பெட்டி போன்ற பெரிய மானிட்டர். கண்ணாடியில் இருந்த மின்சாரத்தில் அவள் கை ரோமம் எழுந்து நின்றது. திரையில் இருந்த படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினாள். பூக்கூடையின்மேல் பூக்கூடையும், குடையின்மேல் குடையும் வந்து பொருந்தியதும் நிறுத்தினாள்.

அகலம் அச்சாகப் பொருந்தியிருந்தது. ஆனால் அட்டைக்கு மேலே திரையில் ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டையில் ஒரு தலைப்பாகை, ஒரு நெற்றி, ஒரு ஜோடிக் கண். அட்டைக்குக் கீழே அதே அளவு இன்னொரு பட்டை. அதில் செருப்பு.

"யா அல்லா!" என்றான் ஆசிம். "மாமனார் எட்டிப் பாக்கறாரு மேடம்!"

ப்ரியா ஸ்கேலை வைத்து அளந்தாள். மேலே கால் அங்குலம். கீழே கால் அங்குலம். அட்டை நாலு அங்குலம். மொத்தம் நாலரை.

"பாய், இந்தப் படம் எத்தனை புள்ளி, அதான் பிக்சல், எங்க பாக்கறது?"

ஆசிம் வலது பட்டனை அழுத்திக் காட்டினான். அகலத்தில் ஆயிரத்து அறுநூறு புள்ளி, உயரத்தில் ஆயிரத்து இருநூறு. அதாவது நாலுக்கு மூன்று. அகலம் ஆறு அங்குலம் என்றால் உயரம் நாலரை அங்குலம் இருந்தே ஆக வேண்டும். அட்டையோ ஆறுக்கு நாலு. ஸ்கேல் சொன்னதும் கணக்கு சொன்னதும் ஒன்றாக இருந்தன.

அவளுக்கு ஒரு நிமிடம் விசா, ஏஜென்ட் எல்லாம் மறந்துபோயிற்று. "அப்ப ஃபிலிம் கேமராவுல எடுத்த படம் ஏன் இப்படி வெட்டுப்படலை?"

"ஃபிலிம் இன்னா அளவு?" என்று திருப்பிக் கேட்டான் ஆசிம். மேஜை டிராயரைக் குடைந்து, தன் கல்யாணத்து நெகட்டிவ் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "பொண்டாட்டி கேட்டா நான் காட்டினேன்னு சொல்லாதீங்க. அதுல நான் மொறச்சிகினு இருப்பேன்."

ஒரு கட்டத்தை அளந்தாள். முப்பத்தாறு மில்லிமீட்டர் அகலம், இருபத்துநாலு உயரம். மூன்றுக்கு இரண்டு. ஆறுக்கு நாலும் அதேதான். அவளுக்கு இப்போது எல்லாம் துல்லியமாகப் புரிந்தது. அட்டை ஃபிலிமைப் பார்த்து வெட்டப்பட்டது. இந்த டிஜிட்டல் கேமராவின் படமோ கம்ப்யூட்டர் திரையின் உருவத்தில் இருக்கிறது. அதனால்தான் திரையில் ஓரம் மிச்சமில்லாமல் நிறைந்தது, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மிஷினுக்கு அட்டையில் வெற்றிடம் விடத் தெரியாது. அட்டை முழுக்க மூடும்வரை படத்தைப் பெரிதாக்கும். வெளியே வழிகிறதைத் தள்ளிவிடும். படத்தைப் பாதியாகச் சுருக்கி அனுப்பினால்? உருவம் மாறவில்லையே. அது மறுபடி பெரிதாக்கி, மறுபடி தள்ளிவிடும்.

"அப்ப சைடுல வெட்டி, ஒல்லியாக்கி அனுப்பிடுங்க," என்றான் ஆசிம்.

"சைடுல வெட்டினா படம் இன்னும் உயரமாத்தானே ஆகும் பாய்? இன்னும் நிறைய தலை போகும். உயரத்துல வெட்டினா அவங்க செய்யறதை நானே செய்யற மாதிரி."

"இழுத்துடுங்க. அகலத்துல மட்டும் இழுங்க."

இழுத்தும் பார்த்தார்கள். பதினேழு பேரும் மலைக்கு வந்து ஒரு வாரம் விருந்து சாப்பிட்ட மாதிரி ஊதிப்போனார்கள். ஆசிம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதைக் கொண்டுபோய் குடுத்தா, பொண்ணு வேற, மாப்ள வேறன்னுடுவான்!"

வெட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது. மிச்சமிருப்பது ஒன்றுதான் என்று ப்ரியா யோசித்தாள். மிஷினுக்கு வெற்றிடம் பிடிக்காது. ஆனால் வெற்றிடம் எது, படம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண் கிடையாது. புள்ளிகளை எண்ணத்தான் தெரியும். வெள்ளைப் புள்ளியும் அதற்குப் புள்ளிதான்.

"வெள்ளையை நாமே சேர்த்து அனுப்பிட்டா?"

பெயிண்ட் புரோகிராமில் படத்தைத் திறந்தாள். உயரம் ஆயிரத்து இருநூறு. மூன்றுக்கு இரண்டு வர, அகலம் அதில் ஒன்றரை மடங்கு, ஆயிரத்து எண்ணூறு. ஆனால் பக்கவாட்டிலும் ஒரு நூலளவு குறைந்ததே? மிஷின் நாலு ஓரத்திலும் கொஞ்சம் தின்னும் போலிருக்கிறது. தலைப்பாகையோ விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதனால் தின்னக் கொடுக்க மேலும் கீழும் இருபது புள்ளி சேர்த்தாள். உயரம் ஆயிரத்து இருநூற்று நாற்பது. அதில் ஒன்றரை மடங்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது. அளவு கேட்கிற கட்டத்தில் இரண்டையும் அடித்தாள். படம் இடது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. வலப்பக்கமும் கீழேயும் வெள்ளை விரிந்தது. படத்தை அப்படியே பிடித்து, நூற்று முப்பது புள்ளி வலப்பக்கமும் இருபது புள்ளி கீழேயும் நகர்த்தி நடுவில் வைத்தாள்.

பழைய அட்டையை மறுபடி திரையில் வைத்து, வெள்ளையோடு சேர்த்து அகலத்தைப் பொருத்தினாள். இந்த முறை மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டவில்லை.

"அவங்க அந்த வெள்ளையைப் பாத்துட்டு, இது இன்னாடான்னு வெட்டிட்டா?"

"யாராவது பாத்திருந்தா, தலையில்லாம ரெண்டு தடவை அனுப்பியிருப்பாங்களா பாய்?"

"ஆங், அதுவும் சரிதான்."

புதுப் பெயரில் சேமித்து, ஏற்றிவிட்டாள். படம் போய்ச் சேர ஏழு நிமிடம் ஆயிற்று. ஆறு பிரதி ஆர்டர் கொடுத்தாள். போன தடவை வந்துசேர ஆறு நாள் ஆனது. இன்னொரு முறை தவறினால் இருபத்தெட்டாம் தேதிக்குள் வேறு வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கூரியர் வந்தது. லலிதாம்பாள்தான் கவரைக் கிழித்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை விட்டு, நடுவில் படி, படியில் ஜனங்கள். "வந்துட்டாடி! ரெண்டு பேரும் முழுசா வந்துட்டா!" என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். "என்ன, கொஞ்சம் சின்னதா தெரியறா."

மறுநாள் ஏஜென்ட் படத்தை வாங்கி, மேல் படியில் இருந்த இரண்டு முகத்தையும் கூர்ந்து பார்த்து, "இதுதான் நான் கேட்டது" என்று ஃபைலில் வைத்து மூடினார்.

அதைச் சொல்ல ப்ரியா பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஆசிம் ஒரு வெள்ளைத்தாளையும் ஸ்கெட்ச் பேனாவையும் அவள் முன்னால் வைத்தான். "காலையில இருந்து ரெண்டு பேரு தலையில்லாத போட்டோவோட வந்துட்டாங்க மேடம். எனக்குச் சொல்ல வரல. நீங்க எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டிடறேன்."

ப்ரியா எழுதினாள்:

ஆறுக்கு நாலு அட்டையில் அடிக்க வேண்டிய படத்தின் அகலம், உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். உங்கள் டிஜிட்டல் படத்தில் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அச்சில் தலையும் காலும் போகும். படத்தை வெட்டாதீர்கள், இழுக்காதீர்கள், சுருக்காதீர்கள். உயரத்தோடு நாற்பது புள்ளி கூட்டுங்கள். வருவதை ஒன்றரையால் பெருக்குங்கள். அந்த அளவில் ஒரு வெள்ளைப் பரப்பு எடுத்து, படத்தை அதன் நடுவில் வைத்து, பிறகு அனுப்புங்கள்.