படம் திறக்காத பாட்டு

1

ஒரு கணினியில் ஒரு படம் திறக்க நாலு நிமிடம் ஆனது. இந்தக் கதைக்கு அவ்வளவுதான் மூலதனம். என் சிநேகிதி சொன்னது. இணையத்தில் பாட்டுப் போடும் ஒரு நிறுவனத்தில், வருகிற பாட்டுகளைக் கேட்டு வகை பிரிப்பது அவள் வேலை.

2

முதல் தொடக்கம்: ‘பாப் என்பது ஒலியா, புகழா, அல்லது’

கட்டுரை வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: அன்று வந்த பாட்டோடு ஒரு குறிப்பும் இருந்தது. ‘மேடம், இது என் மூணாவது பாட்டு. முதல் ரெண்டையும் நாட்டுப்புறப் பாட்டுன்னு மண்ணிசைல போட்டுட்டீங்க. நாற்பத்தோரு பேருதான் கேட்டாங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ரெண்டு பேரு காதலிக்கிற பாட்டுல மண்ணு எங்க மேடம் இருக்கு?’

அவள் சிரித்துவிட்டாள். பாடகியின் படம் இன்னும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பதுதான் அங்கே பழக்கம். அன்று வேறு வழியில்லாமல் கேட்டாள். பல்லவி இரண்டாம் முறை வருவதற்குள் கால் தாளம் போட்டது. ஹெட்போனை மேலாளரிடம் நீட்டினாள்.

“அசல் பாப்புமா. முதல் பக்கத்துல போடு,” என்றார் அவர்.

அப்போது படம் திறந்தது.*

“ஓ, இவங்களா. மண்ணிசைல போட்டுடு.”

“சார், பாட்டு மாறலையே.”

“பாட்டு மாறலம்மா. இந்த முகத்தைப் பாத்தா கேக்கறவங்க குழம்பிடுவாங்க.”

“கண்ணால கேக்கறதுக்கு ஹெட்போன் எதுக்கு சார்?”

“நாலு எழுத்து படிச்சுட்டா எல்லாத்துக்கும் ஒரு கேள்வி.”

“எங்க வீட்ல படிச்சது நான் ஒருத்திதான் சார். எல்லாருக்கும் சேத்து நான்தான் கேக்கணும்.”

அவர் கடிகாரத்தைக் காட்டினார். “ஆறு மணிக்குள்ள முடி.”

* படத்தில் இருந்ததை நான்கு முறை எழுதினேன். நிறம், உடை, பின்னாலிருந்த சுவர். நான்கு முறையும் அடித்துவிட்டேன்.

3

முடிவு அ: அவள் ‘பாப்’ என்று அழுத்தினாள். வேலை போனது. பாட்டை ஊரே [இப்படி நடந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்?]

முடிவு ஆ: ‘மண்ணிசை’ என்று அழுத்தினாள். வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டாள்.

இது நம்பும்படி இருக்கிறது. ஏனென்றால் இப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது.

4

சிநேகிதி என்று யாரும் இல்லை. முதல் இரண்டு பாட்டுக்கும் வகை போட்டது மேலாளரும் இல்லை. நான். அந்த நாட்களில் படம் சட்டென்று திறந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன், மண்ணிசை என்றேன். பத்து விநாடிகூடக் கேட்கவில்லை. மேலாளரைத் திட்டி எழுத ஆரம்பித்த கதை இங்கே வந்து நிற்கிறது.

ஆறாக ஐந்து நிமிடம் இருக்கிறது. திரையில் இரண்டு கட்டங்கள்: பாப், மண்ணிசை. படத்தை நான் உங்களுக்குக் காட்டப் போவதில்லை. ஆனால் அவர் “இவங்களா” என்றபோதே உங்களுக்குள் ஒரு முகம் திறந்திருக்கும். அது யார் முகம் என்று நான் கேட்கவில்லை. மூட முடிந்தால் மூடிவிட்டுச் சொல்லுங்கள்: எந்தக் கட்டம்?