கை நுழையும் இடம்

"இனி இந்த வண்டியில என் கால் படாது." மழைக்காலத்தில், முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு நான் இதைச் சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் வீட்டுக்காரரின் பிறவிக் குணம். அன்று நான்கு சக்கரத்தையும் சேர்த்து விட்டிருந்தார். யாரோ டிராக்டர் கொண்டுவந்து இழுத்த பிறகுதான் எங்கள் பழைய பிக்கப் வண்டி வெளியே வந்தது. என் புதுச் செருப்பில் ஒன்று வரவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் நான் கெட்டிக்காரி, அதுதான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாக மலைப்பாதைக்குப் போனார், போன சூட்டோடு திரும்பி வந்தார். "ஏன் அதுக்குள்ள?" என்றால், "பக்கத்துல திட்டறதுக்கு ஆளில்ல" என்பார். எனக்கும் தையல் மிஷின் முன்னால் ஞாயிறு நகரவில்லை. ஆனாலும் வாய்விட்ட வார்த்தையை எப்படித் திரும்ப அள்ளுவது?

ஒருநாள் அவர் என்னைப் பார்க்காமல், "வின்ச் மாட்டப்போறேன். இனி எவன் டிராக்டரும் வேணாம்" என்றார். வண்டியின் முன்னால் ஒரு மோட்டார், அதில் கம்பி வடம் சுற்றிய உருளை. வடத்தின் நுனியை எங்காவது கட்டிவிட்டு சுவிட்சை அழுத்தினால், வண்டி தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். யாருக்காக இந்தப் பாடு என்று எனக்குத் தெரியாதா? தெரியாததுபோல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது. அதற்கு வின்ச் தாங்கி கடையில் கிடைக்காது, நாமே செய்தால்தான் உண்டு. நல்லவேளை, என் நாத்தனார் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறாள்.

"பழைய பம்பரைக் கழட்டி வீசுண்ணா. புதுசு ஒண்ணு அடிச்சு, அதுமேலேயே வின்ச்சை உட்கார வெச்சிடலாம்."

"பம்பரைத் தொட்டே, தெரியும் சேதி! வண்டிக்கு முகமே அதுதான்."

ஆகவே வின்ச் பம்பருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார வேண்டும் என்று முடிவானது. அது வந்து சேருமுன்பே, தையலுக்கு மாதிரி வெட்ட நான் வைத்திருந்த அட்டையை எடுத்து, வின்ச்சின் அளவிலேயே அவர் ஒரு பெட்டி செய்துவிட்டார். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் இரண்டு பக்கமும் தடித்த தகடு, நடுவில் ஒரு மேடை, ரேடியேட்டருக்குக் காற்றுப் போக இடைவெளி என எல்லாம் அந்த அட்டைப் பெட்டியைச் சுற்றித்தான். நாத்தனார் முதலில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தாள், அவர் மட்டம் பார்த்த பிறகே முழுசாக ஒட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, பெயிண்ட் அடித்ததும் அழகாக வந்தது.

வின்ச் வந்ததும் வார்த்தெடுத்ததுபோல் உட்கார்ந்தது. நான் பட்டறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அண்ணனும் தங்கையும் போல்ட்டுகளை முறுக்கி முடித்தார்கள்.

"லீவரைத் திருப்புண்ணா, வடத்தை இழுத்துப் பாக்கலாம்" என்றாள் நாத்தனார். அந்த லீவரைத் திருப்பினால்தான் உருளை தளர்ந்து வடம் கையோடு வரும். மோட்டாரை ஓட்டியும் வெளியே விடலாம், ஆனால் பழைய பேட்டரிக்கு அதிலேயே பாதி உயிர் போய்விடும்.

அவர் பம்பருக்குப் பின்னால் கையை விட்டார். எடுத்தார். வேறு பக்கமாக விட்டார். "இன்னிக்கு வேணாம், பெயிண்ட் காயட்டும்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகத்தை எனக்குத் தெரியாதா? "என்னங்க, கை போகலையா?"

நாத்தனாரும் முயன்றாள், புறங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"நல்லா அளவெடுத்தீங்க! சட்டைக்கு எடுத்துட்டு, போட்டுக்கிறவனை விட்டுட்டீங்க" என்றேன். நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து பம்பரில் ஒரு கோடு போட்டார். அறுக்கும் மிஷினைக் கையில் எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இருங்க" என்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தேன். தையல் மிஷினுக்கு அடியில் பாபின் மாட்டிப் பழகிய கை. நுழைந்தது. லீவர் விரலில் பட்டது. டக்.

நாத்தனார் வடத்தை இழுத்தாள். அது பட்டறை வாசல்வரை சரசரவென்று ஓடியது. "அண்ணி, இன்னொரு தடவை!" பூட்டினேன், விடுவித்தேன். டக்.

"பரவால்ல, வெட்டிடறேன்" என்றார் அவர் மெதுவாக. "சேத்துல மாட்டும்போதெல்லாம் நீயா வருவே?" அறுக்கும் மிஷின் கையிலேயே இருந்தது. சுவிட்சை மட்டும் அழுத்தவில்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் வராமல் இந்த வண்டி இனி எந்தச் சேற்றிலும் இறங்க முடியாது. உள்ளங்கையால் அந்தச் சாக்பீஸ் கோட்டைத் தேய்த்து அழித்தேன்.

"வெட்ட வேணாம். ஞாயித்துக்கிழமை முதல்ல அந்தப் பழைய சேத்துக்கே போங்க."

"அங்க எதுக்கும்மா?"

"என் செருப்பு அங்கதானே கிடக்கு. நான் வந்து காட்டினாத்தான் உங்களுக்கு இடம் தெரியும்."