வெளுக்கும் முகம்

கில்பட்டுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்ற எண்ணம் ஷானிகாவின் மனதில் விழுந்தது தவக்காலத்தில்தான். பெரிய ஆதாரம் ஒன்றுமில்லை. மாம்புரியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன், வீடு வந்து கை கழுவுமுன்பே போனை எடுத்து எதையோ பார்த்துச் சிரித்தான். அவள் கிட்டப் போனால் போன் திரையை அணைத்துவிட்டான்.

அவளை அவன் கவனிக்காமலும் இல்லை. கலியாணமாகி இரண்டு வருடமாக அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அது பழுது தேடுகிற பார்வை. வெயில் படக்கூடாதென்று அவளை மிளகாய்த் தோட்டத்துக்குப் போகாமல் மறித்தான். சோற்றை அரைக் கோப்பையாக்கினான். ஏழு மாதமாகப் புத்தளத்திலிருந்து ஒரு கிறீம் வாங்கிவந்து, காலையும் மாலையும் தானே பூசிவிட்டான். டப்பாவில் ஒட்டியிருந்த தாள் சுரண்டப்பட்டிருந்தது.

"இதில என்ன கலந்திருக்கு?"

"பூசினா வெளுக்குது. பிறகென்ன கேள்வி?"

வெளுக்கத்தான் செய்தது. கோயிலில் பெண்கள் என்ன பூசுகிறாய் என்று விசாரித்தார்கள். ஆனால் காலும் வீங்கியது. விடிய எழும்பினால் கண்ணிமை திறக்கவில்லை.

"முகம் ஊதிப்போச்சு. சோத்தை இன்னும் குறை" என்றான் கில்பட்.

நான் நோயில் படுத்துவிட்டால் யாருக்கு வசதி என்று ஷானிகா யோசித்தாள். அன்றிலிருந்து அவன் ஊற்றித் தந்த தேத்தண்ணியை, அதில் அவன் ஒரு மிடறு குடித்த பிறகே குடித்தாள்.

ஒரு ஞாயிறு அவன் குளிக்கப் போனபோது போனை எடுத்தாள். என்னென்னவோ இலக்கங்களை அழுத்திப் பார்த்தாள். கடைசியில் திறந்தது அவளுடைய பிறந்த திகதிக்கு.

உள்ளே ஒருத்தி இருந்தாள். பால் நிறம், ஒடுங்கிய தாடை, நீண்ட கழுத்து. நூறு படமாவது இருக்கும். ஷானிகா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகுதான் சேலையைக் கவனித்தாள். மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை, அவளுக்கு அம்மா தந்தது. பின்னால் நின்றது அவர்கள் வீட்டு அலுமாரி. ஷானிகாவின் படத்தைத்தான் அவன் வெட்டி, வெளுப்பாக்கி, இத்தாலியில் இருக்கும் சிநேகிதனுக்கு அனுப்பியிருந்தான். கீழே எழுதியிருந்தான்: 'என்ட மனுசி. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு.'

கில்பட் தலை துவட்டிக்கொண்டு வந்தான்.

"இது ஆர்?"

"நீதான்." அவன் முகத்தில் கூச்சமே இல்லை. "இப்பிடித்தான் வரப்போறாய். வடிவா இல்லையா?"

மறுநாள் டப்பாவைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினாள். டொக்டர் அம்மா சிறுநீரைச் சோதிப்பித்தார்.

"சலத்தில புரதம் போகுது. இப்பிடியான கிறீம்களில பாதரசம் இருக்கும். அது கிட்னியைத்தான் பிடிக்கும். இன்டைக்கே நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டினா சுகம் வருமா?"

"கனபேருக்கு வரும்."

சொன்னதை ஒன்றும் விடாமல் கில்பட்டிடம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவள் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"என்ட தங்கச்சிட கலியாணம் வரைக்கும் பூசுவம். ஒரு மாசம்தானே."

அவளைக் கொல்ல அவனுக்கு நினைப்பில்லை என்பது அப்போது அவளுக்குத் தெளிந்தது. செத்தாலும் நிறுத்தமாட்டான் என்பதும் தெளிந்தது. அன்றைக்கே நுரைச்சோலையில் இருந்த அக்கா மக்தலேனா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு வாரம் கழித்து கில்பட் வந்து அக்கா வீட்டு வாசற்படலையில் நின்றான். அவள் முகத்தில் பழைய கறுப்பு திட்டுத் திட்டாகத் திரும்பியிருந்தது.

"எல்லாம் வீணாப்போச்சே" என்றான்.

"கால் வீக்கம் வத்திட்டுது. அதைக் கேக்கமாட்டீங்களா?"

அவன் அவளுடைய கழுத்தில் இன்னும் வெளுப்பு மிச்சமிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷானிகா படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.